கைக்கு வாராத ஈவும் கள்ளாமை விரதமும்

மயிலாடுதுறை வட்டாரத்தில் நெல் விற்ற பணம் வருமான வரிக்கு உட்படாது. அதனையே பங்குத் தரகர் வழியாகப் பரஸ்பர நிதியில் இட்டால், வரும் ஈவுத்தொகை வேளாண் வருவாய் ஆகாது. 2020 மார்ச் வரை அதற்குரிய வரியை நிதி நிறுவனமே செலுத்திற்று; அவ்வாண்டு ஏப்ரல் முதல் பெறுபவரே தம் வரிக்கணக்கில் காட்டுதல் வேண்டும். கைக்கு வாராது மறுமுதலீடாகிவிட்ட ஈவும் இதில் அடங்கும்.

“கையால் தொடாத பணத்தைச் சொல்லாது விடுதல் களவாகுமோ?” என எம்மிடம் வினவும் சிராவகர் உளர். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறினார். களவுப் பொருளைக் கொள்ளுதல், கள்ள அளவை ஆகியவற்றோடு விருத்த ராஜ்யாதிக்கிரமம், அதாவது அரசின் நெறியை மீறுதலும் அவற்றுள் ஒன்று. ஆகவே, பிறர் பெட்டியைத் திறவாமலேயே விரதம் மாசுறும் என்று நாம் கொள்கிறோம். வரியாகச் சேரவேண்டிய பங்கு நம்முடையதன்று. அரசு அதனை நன்கு செலவிடுகிறதா என்பது வேறு வழக்கு.

2025 ஏப்ரல் முதல், ஒரு நிறுவனம் ஓராண்டில் தரும் ஈவு 10,000 ரூபாயைக் கடந்தாலன்றிப் பிடித்தமில்லை. பலர் மறப்பது அச்சிறு தொகையையே. அதற்கும் வரிவிலக்கு இல்லை. கடந்தவர்க்கு நூற்றுக்குப் பத்துப் பிடிப்பார்கள். அது முழு வரியன்று. உயர்ந்த விகிதத்தினர் மிகுதியைக் கட்டவேண்டும், வரி வரம்புக்குக் கீழுள்ளோர் கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம்.