எல்லை வகுத்தலும் பவளத்திட்டும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் குணவிரதங்களுள் ஒன்று திக்விரதம். எண்திசையிலும், மேலும் கீழும், இன்ன எல்லைக்கு அப்பால் செல்லேன் என வரையறுத்துக்கொள்வது அது. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள நுண்ணுயிர்க்கும் நம்மால் தீங்கு நேராது. ஆதலின் ஆங்கு நம் அணுவிரதமும் மகாவிரதத்தை ஒக்கும் என்பர் ஆன்றோர். ஊரெல்லை தாண்டாத நம் பாட்டிமார் இவ்விரதத்தை எளிதிற் காத்தனர். வீட்டிலேயே இருக்கும் நாமும் காக்கின்றோமா என்பதே இன்று நாம் எண்ண வேண்டிய வினா.

ஆஸ்திரேலியாவின் வடமேற்கே, புரூம் என்னும் ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 425 கி.மீ. தொலைவில், நடுக்கடலில் ஸ்காட் பவளத்திட்டு உள்ளது. பவளத்தை நம் நூல்கள் மண்ணுடல் உயிர்களோடு சேர்த்து எண்ணின. இன்றைய உயிரியல் அதனை விலங்கினம் என்கிறது. எவ்வாறாயினும் அஃது உயிர் என்பதில் இருவேறு கருத்தில்லை. சின்னஞ்சிறு பவள உயிர்கள் கோடிக்கணக்கில் கூடிக் கட்டிய சுண்ணாம்புக் கூட்டில் மீனும் நண்டும் கடற்பாம்பும் புகலடைகின்றன. அங்குள்ள சிறு மணல் திட்டில் பச்சை ஆமைகள் முட்டையிடுகின்றன.

1998ஆம் ஆண்டில் கடல்நீர் மிகச் சூடேறியபோது அங்கிருந்த பவளத்தில் நூற்றுக்கு 80 பங்களவு அழிந்தது. ஆயினும் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் அது மீண்டும் தழைத்தது. கரையின் கழிவும் சேறும் வந்து சேராத தூய நீரில் இருந்தமை அதற்குத் துணை செய்தது என்று ஆய்ந்தோர் கூறினர். மனிதர் கை எட்டாமையே மருந்தாயிற்று! எல்லை வகுத்தலின் பயனுக்கு இதனினும் சான்று வேண்டுமோ? 2016இல் வெப்பம் மறுபடியும் தாக்கியது.

அத்திட்டின் அடியிலும் அருகிலும் இயற்கை எரிவாயு உண்டு. கிணறுகள் துளைத்து அதனை எடுக்கத் திட்டம் வகுத்துள்ளனர். பேரோசை திமிங்கிலங்களைக் கலக்கும். இரவு விளக்கொளி ஆமைக்குஞ்சுகளைத் திசைமயக்கும். கசிவு நேரின் பவளம் நஞ்சுறும். எடுத்த வாயு எரிந்தபின் எழும் கரியமிலவாயுவோ எல்லாக் கடல்களையும் மேலும் சூடாக்கும்.

"நாம் அங்குச் செல்லவில்லையே" எனலாம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகை அன்றோ? மேற்கு ஆஸ்திரேலியக் கடலின் மற்றொரு வயலாகிய கோர்கனின் வாயுவைக் கொச்சிக்குக் கொணர 2009இலேயே ஒப்பந்தமாயிற்று. நம் கால் கடவாத எல்லையை நம் அடுப்பும் வண்டியும் கடக்கின்றன. துளைப்பவர்க்கும் நமக்கும் வினையின் அளவு ஒன்றன்று. ஆயினும் நமக்குப் பங்கே இல்லை எனல் பொருந்தாது.

அடுப்பை அணைத்துவிடுக என்று நாம் கூறவில்லை. விறகுப் புகையில் வருந்திய தாய்மாரை நாம் அறிவோம். முற்றும் விடுதல் துறவியர்க்கு உரியது. அளவு வகுத்தல் நமக்கு உரியது. ஆளில்லா அறையில் எரியும் விளக்கும், நடக்கத்தக்க தொலைவுக்கு ஏறும் வண்டியும், விழாவில் விடியுமட்டும் வீணே ஓடும் ஜெனரேட்டரும் பயனின்றிச் செய்யும் தீங்குகள். அனர்த்த தண்டம் என நாம் விலக்கற்பாலன.

ஒரு வீட்டின் அடக்கத்தால் ஒரு பவளத்திட்டு பிழைக்குமா எனக் கேட்பர். அயலார் கொல்வதால் நாமும் கொல்லலாம் என்று நம் முன்னோர் ஒருநாளும் கணக்கிட்டதில்லை. வரும் சாதுர்மாத காலத்தில் திக்விரதம் ஏற்போர், கால் செல்லும் தொலைவுக்கு வகுக்கும் எல்லையோடு, வீட்டில் எரியும் பொருளுக்கும் ஓர் எல்லை வகுத்துக்கொள்வோமாக. நாம் காணாத உயிர்க்கும் அதுவே நாம் அளிக்கும் அபயதானம்.