ஆடியவர் எழுதிய புத்தகம்

மாசி பிறந்தால் மலையகத்தில் கந்தப்பளைப் பக்கம் காமன் கூத்துக்கான தப்புச் சத்தம் தொடங்கிவிடும். ஒரு சரிவில் அடித்தால் எதிர்ச்சரிவு லயத்துக்கும் கேட்கும். அந்தக் கூத்தின் ரதி மதன் கதையை இங்கே பிள்ளைகளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. கூத்து ஆடும் காமன் பொட்டலின் ஓரத்தில் நின்று தாங்களும் கால் மாற்றி மிதிப்பார்கள். கதை அப்படியே ஏறிவிடும்.

*

கூத்தாடியவரே பிள்ளைகளுக்கு எழுதியதற்கு உதாரணமாக மட்டக்களப்பு சி. மௌனகுருவை நினைத்துக்கொள்கிறேன். 1943இல் அமிர்தகழியில் பிறந்தவர். அவர் பேராதனையில் படித்த காலத்தில்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அப்படி வந்தவற்றில் ஒன்று ‘இராவணேசன்’. எழுதியவரும் மௌனகுரு, இராவணனாக ஆடியவரும் அவரே.

‘தப்பி வந்த தாடி ஆடு’ அவருடைய சிறுவர் நாடகம், புத்தகமாகவும் வந்தது. பேராசிரியர், கூத்து ஆய்வாளர் என்றெல்லாம் எழுதிவிட்டு இதைக் கடைசி வரியில் சேர்ப்பது வழக்கம். நான் முன்வரிசையில் வைப்பேன்.

*

மட்டக்களப்பில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆட்டக்காரருக்குச் ‘சட்டம்’ கொடுப்பார். அவரவர் பாடவேண்டிய பாட்டும் வசனமும் அதில் இருக்கும். வாசிக்க ஒரு பொழுது போதும். ஆடிப் பழக மாதக்கணக்காகும். அந்தக் கூத்துக் களரியை அறிந்தவருக்கு எழுத்து என்பது ஆட்டத்தின் பாதிதான். மீதியை ஆடுகிறவர் தர வேண்டும். மௌனகுரு சிறுவர்க்கு எழுதும்போது அந்த மீதியைப் பிள்ளைக்கு விட்டுவைக்கிறார். நம் சிறுவர் நூல்களில் பல எதையும் விட்டுவைப்பதில்லை, புத்திமதி உட்பட. (வகுப்பை அமைதியாக வைத்திருக்க அவை நல்லவை.)

*

ஆட்டத்திலிருந்து பிள்ளைகளின் புத்தகம் வந்ததற்கு இன்னோர் உதாரணம்: லண்டனின் நடனக் கலைஞர் அக்ரம் கான் 2011இல் ‘தேஷ்’ என்ற நடனத்தை ஆடினார். அதற்குக் கதை எழுதியவர்களில் ஒருவரான கார்த்திகா நாயர், அதில் வரும் தேன் தேடிப் போகும் சிறுவனைப் பின்னர் படக்கதைப் புத்தகமாக்கினார். முதலில் மேடை, பிறகு பக்கம். அந்த வரிசை எனக்குப் பிடிக்கிறது.

*

காமன் கூத்துக்கும் அந்த வரிசை பொருந்தும். ஆட்டம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அடவு தெரிந்த கூத்து வாத்தியார்மார் இருக்கிறார்கள். படம் வரையும் பிள்ளைகள் இல்லாத தோட்டப் பாடசாலை ஏது? வெளியிலிருந்து ஒருவர் வந்து குறிப்பெடுத்து எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். வாத்தியார்மாரே, பிள்ளைகளுக்கான காமன் கூத்துப் புத்தகத்தை நீங்களே எழுதுங்கள். எழுத்துப்பிழையை யாராவது திருத்திக்கொள்வார்கள்.