காத்திருக்கும் காலத்துக்கும் கைச்செலவு உண்டு

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இப்ப என்னப்பா பண்ற?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்து கல்யாண வீடுகளைத் தவிர்த்த காலம் எனக்கும் உண்டு. வேலையில்லாதவருக்குப் பணமுடையைவிடப் பெரிய வலி, ஏதோ தப்புச் செய்தவர்போலத் தலைகுனிந்து நிற்க நேர்வது. அரசு தரும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் என்னோடு படித்த சிலர் விண்ணப்பிக்காமலே விட்டதற்கு இந்தக் கூச்சம்தான் காரணம்.

தமிழ்நாட்டில் அந்தத் தொகை சிறியதுதான். பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் ஏறும். மூன்றாண்டுகள் வரை கிடைக்கும். இதைப் பெற வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவு காலாவதியாகாமல் புதுப்பித்து, ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். வயது 40-ஐத் தாண்டக் கூடாது. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 45 வரை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் 400 ரூபாய் கூலிக்கு மாதம் பதினாறு நாள் போனாலே இந்த வரம்பு தாண்டிவிடும்.

"இந்தக் காசுக்கா இவ்வளவு அலைச்சல்?" என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு வருவாய்த் துறையின் சான்று வாங்க வேண்டும். வருவாய் ஆய்வாளர் ஊரில் இருக்கும் நாள் பார்த்துப் போக வேண்டும். ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். எங்கும் வேலையில் இல்லை என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடும்போது எனக்குக் கை கூசியிருக்கிறது.

ஆனால் அந்தப் பணம் முதன்முதலில் கணக்கில் ஏறிய அன்று அம்மா அதை வீட்டுச் செலவுக்கு வாங்க மறுத்துவிட்டார். "உன் பேர்ல வந்த காசு. நீ பரீட்சைக்குப் பணம் கட்டு" என்றார். அப்படியே கட்டினேன். மிச்சம் ஜெராக்ஸ் கடைக்கும் பஸ்ஸுக்கும் பழைய வினாத்தாள் தொகுப்புக்கும் போனது. வேலை தேடுவதும் உழைப்புதான், அதற்கும் முதல் போட வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தச் சின்னத் தொகை. அப்பாவிடம் கை நீட்டாமல் தேர்வுக் கட்டணம் கட்டியவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

இது யாரோ இரக்கப்பட்டுப் போடும் காசும் அல்ல. வேலையின்மை, முதுமை, நோய் ஆகியவற்றில் வாடுவோருக்கு அரசு தன் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு உதவ வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறக்கூடிய உரிமையாக அது வைக்கப்படவில்லை. அரசுக்கான வழிகாட்டு நெறியாகவே இருக்கிறது. என்றாலும், வேலை கிடைக்காமல் போவதற்குத் தனி மனிதரின் சோம்பலை மட்டும் காரணம் காட்ட முடியாது என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். அதை உணராதவர்கள் நம் வீட்டுத் திண்ணைகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தத் திட்டத்தில் பெரிய குறை ஒன்று உண்டு. நேற்றுவரை சம்பளம் வாங்கி இன்று வேலை இழந்தவருக்கு இதனால் உடனடிப் பயன் இல்லை. இஎஸ்ஐ காப்பீட்டில் இருந்த தொழிலாளி வேலை இழந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சராசரி ஊதியத்தில் பாதியை 90 நாள்வரை பெற மத்திய அரசின் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் இருக்கிறது. 2018-இல் கால்பங்காகத் தொடங்கி 2020-இல் பாதியாக உயர்ந்தது. ஆனால் ஜவுளிக்கடையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ இஎஸ்ஐ பிடித்தம் இல்லாமல் வேலை பார்த்தவருக்கு அந்தக் கதவும் திறக்காது. வேலை போன முதல் மாதத்தில்தான் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும். அந்த மாதத்தில் ஒரு குடும்பத்தைத் தாங்காத உதவி, ஐந்தாண்டு கழித்து வந்தால் பாதி உதவிதான்.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டு: காத்திருப்பைக் குறையுங்கள், தொகையை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துங்கள்.

வேலை தேடும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியவையும் உண்டு. பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பியுங்கள். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள், அப்படி ஆகாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுக்கு இலவசமாகப் படிக்கலாம். அங்கேயும் போய்க் கேளுங்கள். தகுதி இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். அந்த அலுவலகத்துக்குள் நிமிர்ந்து நடந்து போங்கள். வேலை கிடைக்காதது உங்கள் குற்றம் அல்ல.