பழமனை காத்தலும் புதுமனை எடுத்தலும்

பழுதுற்ற பழமனையொன்றைச் செப்பனிட்டுக் காத்தலோ, இடித்துப் புதியது எடுத்தலோ, இவற்றுள் அறமாவது யாது என்னும் வினாச் சென்னை மாநகரில் அடிக்கடி எழுகின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மயிலைக் கடற்கரைச் சாலையிலுள்ள இராணி மேரிக் கல்லூரி, 1914-ஆம் ஆண்டில் கேப்பர் மாளிகை என்னும் பழமனையில் தொடங்கப்பெற்றது. 2003-ஆம் ஆண்டில் அவ்விடத்தே தலைமைச் செயலகம் அமைக்க அரசினர் கருதியபோது மாணவியர் எதிர்த்து நின்றனர், அக்கருத்துக் கைவிடப்பட்டது. கல்லூரி நிலைத்தது. ஆயினும், பழுது முதிர்ந்த கேப்பர் மாளிகை நில்லாதொழிந்தது. அவ்விடத்தே புதுக்கட்டிடம் எழுந்தது. அதிகாரத்திற்குத் தப்பியது பழுதிற்குத் தப்பிற்றிலது.

மாயையின் காரியமெல்லாம் அழிவனவே. சடமாகிய செங்கல்லிலும் சுண்ணத்திலும் பற்று வைத்தல் சைவர்க்குத் தகுமோ எனின், கூறுதும். தனு கரண புவன போகங்கள் அழிவனவே யாயினும், உயிர்கள் உய்தற்பொருட்டு இறைவனால் தரப்பட்டன. அழியுமென்பது பற்றி உடம்பைப் பேணாது விடுதல் ஞானமன்று. நோயாளிக்கு மருந்து கொடாதிருந்து, பின் இவன் பிழையான் என்று கைவிடுதல் எத்தகையதோ, ஒழுகுங் கூரையைப் பல்லாண்டு நோக்காதிருந்து, பின் அபாயமென்று இடித்தலும் அத்தகையதே. பேணாமையும் ஓர் இடிப்பேயாம். ஓசையின்றி நிகழ்தலின் அதற்குப் பழியேற்பார் இலர். சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012-ஆம் ஆண்டில் தீக்கிரையாகிச் சிதைந்தும், பின்னர்ச் செப்பனிடப்பட்டுப் பயன்படுகின்றது. மனமிருப்பின் மருந்துண்டு என்பதற்கு அதுவே சான்று.

அற்றேல், எக்காலத்தும் இடித்தல் கூடாதோ எனின், அற்றன்று. உயிர் கல்லினும் பெரிது. கூரை வீழ்ந்து ஓருயிர் போமாயின் அப்பழமை பெருமையன்று. பத்தாம் நூற்றாண்டிற் செம்பியன் மாதேவியார் பழைய செங்கற்றளிகளைக் கற்றளிகளாகப் புதுக்கினார். ஆயினும், திருக்கோடிகாவில் முன்னிருந்த கல்வெட்டுக்களைப் புதுச்சுவரிற் படியெடுத்துப் பொறித்த பின்னரே அத்திருப்பணி நிறைவுற்றது. கல் மாறியது, முன்னோர் கொடையும் பெயரும் மாறவில்லை.

யாம் மடத்திற் பாடங்கேட்ட நாளில் ஆசிரியர் சொல்லக் கேட்டதொன்றுண்டு: செல்லரித்த ஏட்டைப் புதுவோலையிற் பெயர்த்தெழுதிய பின்னரே பழையதனை ஆற்றில் விடல்வேண்டும், எழுதாது விட்டவிடத்து நூலே இறந்தது என்பது. மனைக்கும் முறை இதுவேயாம். செப்பனிடக் கூடுமோ என, இடிப்பாற் பயன்பெறாத அறிஞரைக்கொண்டு முதற்கண் ஆராய்க. கூடுமாயின் காக்க. கூடாதாயின், அதன் அளவும் வடிவும் வரலாறும் எழுதிவைத்த பின்னரே கை வைக்க. நமக்கு முன்னோர் விட்டவை நம்முடையன அல்ல, நம்மிடத்து வைக்கப்பட்டவை.

திருச்சிற்றம்பலம்.