படிக்கப் போன ஊரில் முசாபிரா, முகீமா?



கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். மகன் எம்.எஸ்ஸி. படிக்க அலிகார் போயிருக்கிறார். மூன்று மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தவர், பேச்சுவாக்கில், "நான் அங்கே பிரயாணிதானே உம்மா, லுஹரையும் அஸரையும் சேர்த்து இரண்டிரண்டாகத் தொழுதுவிடுகிறேன், ஜும்ஆவும் எனக்குக் கடமையில்லை" என்றாராம். தாயாருக்கு மனம் ஒப்பவில்லை. மகன் தொழுகையை விடவில்லை என்பதில் சந்தோஷம். தொழுதது சரிதானா என்பதில் கவலை.

அந்தக் கவலை நியாயமானது. கல்விக்காக ஊர் விட்டு ஊர் போவது நம் மார்க்கத்தில் பெரிய நற்செயல். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150-ல் காஸாவில் பிறந்து, இரண்டு வயதில் தாயாரால் மக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பின்னர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்க மதீனா போனார்கள். ஆனால் அந்த இமாமின் மத்ஹபிலேயே, போன ஊரில் தங்குவதற்குத் தனிச் சட்டம் உண்டு.

வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி, நான்கு நாட்கள் ஓர் ஊரில் தங்குவதாக நிய்யத்து வைத்தால், அந்த ஊரை அடைந்ததுமே பிரயாணச் சலுகை முடிந்துவிடுகிறது. ஹனஃபீகளுக்கு இது பதினைந்து நாள். அட்மிஷன் இன்று முடியும், நாளை முடியும், முடிந்ததும் திரும்பிவிடுவோம் என்று நாள் குறிக்காமல் காத்திருந்தால், ஷாஃபிஈக்கு 18 நாள் வரை கஸ்ரு செய்ய இடமுண்டு. இடம் கிடைத்து, விடுதியில் கட்டில் போட்டு, இரண்டு வருடம் இங்கேதான் என்றான பிறகு எங்கே பிரயாணம்?

ஜும்ஆ விஷயம் இன்னும் நுட்பமானது. படிப்பு முடிந்து ஊர் திரும்பும் எண்ணமுள்ளவர் அங்கே முகீம்தான்; நிலையாகக் குடியேறியவர் அல்ல. ஆகவே ஜும்ஆவுக்கு வேண்டிய நாற்பது பேரில் அவர் கணக்கில் சேரமாட்டார். ஆனால் ஜும்ஆ அவர்மீது கடமை. 'கணக்கில் இல்லை' என்பதைப் பாதி கேட்டுவிட்டு, 'கடமையில்லை' என்று அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டாரோ என்று நமக்கு ஒரு சந்தேகம்.

அப்படியானால் சுருக்கித் தொழுதவை? களாச் செய்யத்தான் வேண்டும். 90 நாள், நாளொன்றுக்கு லுஹர், அஸர், இஷா என்று மூன்று, 270 தொழுகைகள். உள்ளூர் இமாமின் பின்னால் நான்கு ரக்அத்தாகத் தொழுதவற்றைக் கழித்துக்கொள்ளலாம். தவறிய ஜும்ஆவுக்கும் லுஹரே களா. கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஒவ்வொரு வக்தோடும் ஒரு களா என்று தொழுதால், போன மூன்று மாதத்தை வருகிற மூன்று மாதம் தீர்த்துவிடும்.

இன்னொன்று. தென்கோடிக் கடற்கரையில் கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சுமார் 23 பாகை சாய்ந்திருக்கும். அலிகாரிலோ ஏறக்குறைய நேர் மேற்கு. ஊர்ப் பழக்கத்தில் அறையில் திரும்பி நிற்கக் கூடாது. அங்குள்ள பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பெரும்பாலோர் ஹனஃபீகள். அஸர் பாங்கு பிந்தும். ஸுப்ஹில் குனூத் இராது. அதற்காக ஜமாஅத்தை விட்டு அறையில் தனியே தொழுவானேன்? அந்த நேரமும் அஸருடைய வக்துதானே.

மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் தாயார் கேட்டிருந்தார்கள். தொழாத பிள்ளையைக் கண்டிப்பதுபோல் கண்டிக்க வேண்டாம். ரயிலேறும் முன் ஊர் ஹஜ்ரத்திடம் அழைத்துப் போய், அவரையே கேட்கச் சொல்லுங்கள் என்று எழுதினோம். வழியில், ரயிலில், அவர் மெய்யான முசாபிர். அங்கே தாராளமாக இரண்டிரண்டாகத் தொழட்டும்.