முத்திரை விழுந்தால் உண்மையாகிவிடுமா?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் சில நாள் விமானங்கள் பறக்கவில்லை. அவற்றில் மூட்டை மூட்டையாக ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டிருந்த காசோலைகளும் அப்படியே தேங்கின. காகிதத்தை ஏன் சுமக்க வேண்டும், படமெடுத்து அனுப்பினால் போதாதா? இதைக் கேட்க மேதை தேவையில்லை. 2003இல் ‘செக் 21’ சட்டம் நிறைவேறியது. காசோலைப் படத்திலிருந்து எடுத்த அச்சுப் பிரதி அசலுக்குச் சமம் என்றானது.

ஆனால் 1999இலும் 2000இலும் வழங்கப்பட்ட இரண்டு காப்புரிமைகள் டேட்டா ட்ரெஷரி என்ற நிறுவனத்திடம் இருந்தன. ஓரிடத்தில் காசோலையை ஸ்கேன் செய்வது, தகவலை மறையாக்கம் செய்து அனுப்புவது, மையக் கணினியில் சேமிப்பது: சாரம் இவ்வளவுதான். ஸ்கேனர் முன்பே இருந்தது. மறையாக்கமும் தொலைபேசிக் கம்பியும் இருந்தன. இவற்றைச் சேர்த்ததற்காக ஒருவருக்கு ஏகபோகம்! அந்நிறுவனம் வழக்குத் தொடர, பெரிய வங்கிகள் சில சமரசத்துக்கு வந்தன. 2010இல் டெக்சாஸ் ஜூரி ஒன்று, யு.எஸ். பேங்க் சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது. பிறகு 2015இல் காப்புரிமை வாரியம், இது வெறும் கருத்து, காப்புரிமைக்கு உரியதல்ல என்றது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முதல் காப்புரிமை வழங்கி அதற்குள் 17 ஆண்டு ஓடிவிட்டது.

வங்கிகளுக்காக நான் வருந்தவில்லை. அவர்களுக்கு வழக்கறிஞர்களும் உண்டு, பணமும் உண்டு. சிறிய மென்பொருள் கடை நடத்துபவருக்கு இதுபோன்ற வழக்கு நோட்டீஸ் வந்தால் அவர் என்ன செய்வார்?

பார்த்த பின் எதுவும் எளிதாகத்தான் தெரியும் என்பார்கள். நியாயமான வாதம். அதனால்தான் விண்ணப்பித்த நாளில் அந்தத் துறையினர் கையில் என்னென்ன இருந்தன என்று பார்க்க வேண்டும். துறை அறிந்தவர் இயந்திரம் அல்ல, இருப்பதைப் பொருத்திப் பார்க்கும் சாதாரணக் கற்பனை அவருக்கும் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2007இல், கார் பெடல் குறித்த வழக்கில், ஒருமனதாகச் சொன்னது.

அதே நீதிமன்றம் 2011இல், காப்புரிமை செல்லாது என்பவர் தெளிவான, உறுதியாக நம்பவைக்கும் சான்றால் அதை நிறுவ வேண்டும் என்றது. பரிசீலித்த அதிகாரி பார்த்தே இராத சான்றைக் கொண்டுவந்தாலும் அளவுகோல் மாறாது. அதிகாரியின் முத்திரை விழுந்துவிட்டதாம், அதனால் சந்தேகிப்பவன்தான் நிரூபிக்க வேண்டுமாம். சாமியாரின் வாக்கு பொய் என்று காட்டும் பொறுப்பைக் கேள்வி கேட்பவன் தலையில் கட்டுவதும் இதே நியாயம்தான்.

புதிது என்று உரிமை கொண்டாடுபவர், நீதிமன்றத்திலும் அதைப் புதிது என்று தாமே நிறுவட்டும். முடியாவிட்டால் அந்த உரிமை அவருக்கு இல்லை.