முதற்பரிசு இல்லாத முகாம்



சித்திரை வெயில் ஏறிவிட்டது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில், பருத்தி எடுத்து முடிந்த நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. கண்மாய்கள் வற்றிவிட்டன. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. இந்த நாட்களில்தான் தமிழகத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் கோடைக்காலத் தீனிய்யாத் வகுப்புகள் தொடங்குகின்றன. கலிமா, ஒளூ, தொழுகை, துஆக்கள், குர்ஆன் ஓதுதல், நபிமார்கள் வரலாறு ஆகியவற்றைச் சிறுவர் சிறுமியர் கற்றுக்கொள்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். அல்ஹம்து லில்லாஹ்!

ஆனால் இவ்வகுப்புகள் எப்படி முடிகின்றன? கிராஅத் போட்டி, பேச்சுப் போட்டி, பாங்குப் போட்டி, வினாவிடைப் போட்டி என்று முடிகின்றன. மேடை, ஒலிபெருக்கி, முதற்பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு. நாற்பது பிள்ளைகள் படித்த இடத்தில் மூன்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். மற்ற முப்பத்தேழு பேரும் என்ன கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இம்மாதம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். பிறர் குற்றத்தைப் பேசுமுன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

நாம் போட்ட கழித்தல் குறி

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்து ஊர் ஒன்றில், கோடை வகுப்பின் நிறைவு நாளன்று கிராஅத் போட்டிக்கு நாம் நடுவராக அமர்ந்திருந்தோம். பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து நின்றான். அவன் தாயார் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்பவர். அவனுக்குப் பேச்சு திக்கும். வகுப்பு நடந்த நாளெல்லாம் முதல் ஆளாக வந்து பாய் விரித்தவன் அவன்தான். ‘வள்ளுஹா’ சூராவைத் தொடங்கினான். இரண்டாவது ஆயத்தில் நா நின்றுவிட்டது. பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பையன் கண்களை இறுக மூடிக்கொண்டான். விட்டு விட்டு ஓதினான். ஓதி முடித்தே இறங்கினான். ஓர் எழுத்தைக் கூட அவன் விழுங்கவில்லை. நாமோ மதிப்பெண் தாளில் ‘தடங்கல்’ என்ற கட்டத்தைப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தோம். அவனுக்குக் கடைசி இடம்.

அடுத்த கோடையில் அவன் வரவில்லை. அவன் அத்தாவைக் கடைத்தெருவில் கண்டு காரணம் கேட்டோம். “ஹஜ்ரத், வீட்டிலே தனியா உக்காந்து ஓதத்தான் செய்றான். பள்ளிக்கு மட்டும் வரமாட்டேங்கிறான். நீங்க தப்பா நெனைக்காதீங்க” என்றார். அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. அதனாலேயே அந்த வார்த்தை நம்மைச் சுட்டது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியம் மிக்க மலக்குகளுடன் இருப்பார் என்றும், சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். மதரஸாவில் நாம் பாடமாக ஓதிய ஹதீஸ்தான். மிம்பரில் நின்று பலமுறை சொன்ன ஹதீஸ்தான். மலக்குகள் இரட்டைக் கூலி எழுதிய இடத்தில் நம் கை கழித்தல் குறி போட்டிருக்கிறது!

இருபது நாள் பாசறை

பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பிக்க வேறு வழி ஏது என்று கேட்பவர்கள், மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் தம் இளமையைப் பற்றிச் சொல்லும் செய்தியைப் பார்க்கட்டும். ஏறத்தாழ ஒத்த வயதுடைய வாலிபர்கள் சிலர் சேர்ந்து மதீனா வந்து, நாயகம் (ஸல்) அவர்களிடம் இருபது இரவுகள் தங்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மிகுந்த இரக்கமும் மென்மையும் உடையவர்களாக இருந்தார்கள் என்பதைத்தான் மாலிக் (ரலி) அவர்கள் நினைவுகூர்கிறார்கள். வாலிபர்களுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட்டதை நாயகம் (ஸல்) அவர்கள் தாமாகவே உணர்ந்துகொண்டார்கள். யார் யாரை வீட்டில் விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, ஊர் திரும்பிக் கற்றதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படியும், தாம் தொழக் கண்டவாறே தொழும்படியும், ஒருவர் பாங்கு சொல்ல, மூத்தவர் இமாமாக நிற்கும்படியும் பணித்து அனுப்பினார்கள்.

குர்ஆனை அதிகம் அறிந்தவரே இமாமத்துக்கு உரியவர் என்பது சட்டமாயிற்றே, இங்கு வயதில் மூத்தவரைச் சொன்னது ஏன்? மார்க்க அறிஞர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள்: அந்த வாலிபர்கள் யாவரும் ஒன்றாக வந்து, ஒன்றாகத் தங்கி, ஒன்றாகக் கற்றதால் அறிவில் சமமாகிவிட்டார்கள்; எனவே வயது மட்டுமே வேறுபாடாக எஞ்சியது.

இதைச் சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். இருபது நாள் முடிவில் ஒருவர் முதல்வராகவும் மற்றவர் கடையராகவும் ஆகவில்லை; எல்லோரும் சமமானார்கள். நம் முகாம் முடியும்போது பிள்ளைகள் தரம் பிரிக்கப்படுகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் பாசறையில் பிள்ளைகள் தோளோடு தோள் சேர்ந்தார்கள்.

நன்மையில் முந்தச் சொல்லவில்லையா?

‘நன்மைகளில் முந்திக்கொள்ளுமாறு திருமறையே ஏவுகிறதே! நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தவில்லையா?’ என்று சிலர் கேட்பார்கள். உண்மையே. பந்தயம் ஹராம் என்று நாம் சொல்ல வரவில்லை. மதீனாவில் குதிரைகள் ஓடின. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நாயகம் (ஸல்) அவர்களே ஓட்டப் பந்தயம் ஓடியதுண்டு. அது விளையாட்டு. குர்ஆன் ஓதுதலும் பாங்கும் தொழுகையும் இபாதத். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?

நன்மையில் முந்துவதன் இலக்கணத்தைத் தபூக் போரின்போது காண்கிறோம். இன்று அபூபக்ரை முந்திவிடுவோம் என்று எண்ணி, உமர் (ரலி) அவர்கள் தம் பொருளில் பாதியைக் கொண்டுவந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களோ இருந்த அனைத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். இனி அவரை நம்மால் முந்த இயலாது என்று உமர் (ரலி) அவர்கள் தாமே ஒப்புக்கொண்டார்கள். அங்கே நடுவர் இல்லை, மேடை இல்லை, தோற்றவர் என்று எவரும் பெயர் வாசிக்கவில்லை. ஒருவர் நன்மை மற்றவர் கூலியைக் குறைக்கவும் இல்லை. சுவர்க்கத்தின் வாசல் முதலில் நுழைந்தவருக்குப் பின் மூடிக்கொள்ளும் வாசல் அல்லவே!

விளையாட்டிலும் கூட நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளங்களைக் கவனித்தார்கள். அஸ்லம் கோத்திரத்தார் இரு அணியாகப் பிரிந்து அம்பெய்து பழகியபோது, தாம் ஓர் அணியின் பக்கம் என்று அண்ணலார் (ஸல்) சொன்னார்கள். உடனே மற்ற அணியினர் கையை நிறுத்திவிட்டார்கள். தாங்கள் எதிரணியில் இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்றார்கள். அப்படியானால் எய்யுங்கள், நான் உங்கள் எல்லோருடனும் இருக்கிறேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் அளித்தார்கள். முகாம் நடத்தும் ஒவ்வோர் ஆலிமும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய சொல் இதுதான்.

பரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஒரு கொடை வழங்கி, அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க விரும்பினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி கூறிச் சாட்சி நிற்க மறுத்துவிட்டார்கள். இது தந்தையின் கொடை பற்றிய சட்டம்தான். ஆனாலும், ஜமாஅத்தின் பொதுப் பணம் ஜமாஅத்தின் பிள்ளைகளுக்குச் செலவாகும்போது இந்த நீதத்தின் வாசனையாவது வீச வேண்டாமா?

ஒரு கயிற்றின் கதை

துருக்கியில் பிறந்து அமெரிக்கா சென்ற முஸஃபர் ஷெரீஃப் என்னும் மனநூல் அறிஞர், 1954ஆம் ஆண்டுக் கோடையில் ஒக்லஹோமா மாநிலத்தில் சிறுவர் முகாம் ஒன்றை வைத்துச் சோதனை நடத்தினார். பதினோரு வயதை ஒட்டிய 22 சிறுவர்கள். அவர்களை இரண்டு குழுவாக்கிப் போட்டிகளை வைத்தார்; வென்ற குழுவினருக்குக் கோப்பையும் பதக்கங்களும் பேனாக்கத்திகளும் பரிசு என்றார். சில நாட்களிலேயே பிள்ளைகள் ஒருவரையொருவர் ஏசினார்கள், கொடியை எரித்தார்கள், அறை புகுந்து சூறையாடினார்கள், சேர்ந்து உண்ண மறுத்தார்கள். பெரியவர்களே மறைவாகத் தூண்டிவிட்டார்கள் என்று பிற்கால ஆய்வாளர்கள் இச்சோதனையைக் குறை கூறினார்கள். அந்தக் குறையும் நமக்குப் பாடமே. பிள்ளைகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் பெரியவர்கள் கையில்தான் இருக்கிறது!

பிறகு பகை எப்படித் தணிந்தது? முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோயிற்று. இரு குழுவும் சேர்ந்துதான் தொட்டியின் அடைப்பைத் தேட வேண்டியிருந்தது. உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றது. முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து வடம் இழுத்த அதே கயிற்றைக் கட்டி, எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். திரும்பும் வழியில், வென்ற பணம் ஐந்து டாலரை வைத்திருந்த குழு, அதைக் கொண்டு எல்லோருக்கும் பானம் வாங்கிக் கொடுத்தது. கயிறு மாறவில்லை, பிள்ளைகள் நின்ற பக்கம்தான் மாறியது.

கரிசலுக்கு ஏற்ற முகாம்

அப்படியானால் முகாமை எப்படி நடத்தலாம்? பெரும் செலவு வேண்டாம்.

சுப்ஹுக்குப் பின் தொடங்கி, வெயில் ஏறும் முன் பத்து மணிக்கெல்லாம் முடித்துவிடுங்கள். ஓதத் தெரிந்த பிள்ளையையும் தெரியாத பிள்ளையையும் ஜோடியாக அமர்த்துங்கள். தெரியாதவன் கற்றால்தான் தெரிந்தவன் பாடம் முடிந்ததாகக் கணக்கு. தேர்வு வேண்டும்தான், ஆனால் தனியே அழைத்துக் கேளுங்கள். முதல் நாள் எப்படி ஓதினான், இருபதாம் நாள் எப்படி ஓதுகிறான் என்று அவனை அவனுடனேயே ஒப்பிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் முஅல்லிமாக்களைக் கொண்டு இவ்வாறே நடத்துங்கள்.

காலை உணவுக்கு அஷ்அரி குலத்தாரைப் பின்பற்றுங்கள். உணவு குறைந்துவிட்டால், இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். அதனாலேயே அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள். ஒரு வீட்டில் இட்லி, ஒரு வீட்டில் கம்பங்கூழ், ஒரு வீட்டில் நேற்றைய சோறு. எது வந்தாலும் பொதுவில் வைத்து, சஹனைச் சுற்றி அமரட்டும். எவன் வீட்டுச் சோறு எது என்று எவனுக்கும் தெரிய வேண்டாம்.

ஒரு மணி நேரம் ஊருக்காக உழைக்கட்டும். கரிசல் மண்ணில் தண்ணீரின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தம் தாயாருக்காகச் செய்யத்தக்க சிறந்த தர்மம் எது என்று கேட்ட ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களுக்கு, நாயகம் (ஸல்) அவர்கள் தண்ணீரைத்தானே சொன்னார்கள்! பஸ் நிற்கும் இடத்தில் பிள்ளைகள் பானை வைத்துத் தண்ணீரும் நீர்மோரும் ஊற்றட்டும். குடிப்பவர் எந்த மதத்தவர், எந்தத் தெருக்காரர் என்று கேட்கும் வேலை அவர்களுக்கு இல்லை. பெரியவர்கள் துணையுடன் ஊருணிக் கரையில் குப்பை பொறுக்கட்டும். தனித்திருக்கும் முதியவர்களை நலம் விசாரிக்கட்டும். ஒரு நாள் எட்டயபுரம் அழைத்துச் செல்லுங்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அங்கே அடங்கியிருக்கிறார். கடிகைமுத்துப் புலவர் என்னும் இந்துப் பெரியவரிடம் தமிழ் கற்றவர் அவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நிறைவு நாளில் எல்லோருக்கும் ஒரே பரிசு. நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய், அதுவே போதும். தனித்தனியே உருண்டோடும் பருப்பை வெல்லப்பாகு சேர்த்துப் பிடிப்பது போல, பிள்ளைகளைச் சேர்த்துப் பிடிப்பது முஹப்பத் என்று சொல்லிக் கொடுங்கள்.

பெற்றோர்களே! ஒரு காலத்தில் இவ்வட்டாரத்துச் சிறுவர்கள் எத்தனையோ பேர் விடியுமுன் எழுந்து தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார்கள், குச்சி அடுக்கினார்கள், அடுக்கிய எண்ணிக்கைக்குக் கூலி வாங்கினார்கள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன்பின் பலர் எடுத்த முயற்சிகளும் அந்நிலையைப் பெரிதும் மாற்றிவிட்டன. எண்ணிக்கையால் அளக்கப்பட்டு வளர்ந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இவர்கள். அல்லாஹ்வின் வீட்டிலாவது இவர்கள் எண்ணப்படாமல் இருக்கட்டும்.

கடந்த கோடையில் அவ்வூர் ஜமாஅத்தார் நம் வேண்டுகோளை ஏற்றுப் போட்டியின்றி வகுப்பு நடத்தினார்கள். நாம் அந்தப் பையன் வீட்டுக்குச் சென்று, நம் தவறுக்கு அவனிடமே வருத்தம் தெரிவித்தோம். அவன் ஒன்றும் பேசவில்லை. ஐந்தாம் நாள் வாசலில் வந்து நின்றான். ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அவனிடம் ஒப்படைத்தோம். திக்கல் நீங்கிவிடவில்லை. ஆனால் இவன் நா நிற்கும்போதெல்லாம் அந்தச் சின்னவன் சிரிக்காமல், இவன் உதட்டையே பார்த்தபடி காத்திருந்தான். இருபதாம் நாள் இருவரும் சேர்ந்து ‘வள்ளுஹா’ ஓதினார்கள். அன்று மதிப்பெண் தாள் நம் கையில் இல்லை.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் உள்ளங்களை ஒன்றிணைத்து, அவர்களை ஒருவர் கையை மற்றவர் பிடித்து நடக்கும் ஸாலிஹான சந்ததியாக ஆக்கியருள்வானாக! நம் கைகள் போட்ட தவறான குறிகளை அவன் மன்னித்தருள்வானாக! ஆமீன்.